குழாய் மூச்சு வாங்காது

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதிக்கொள்வது. அம்மா நலம், அப்பா நலம், நான் வழக்கத்தைவிட நலம். நம் கட்டடத்துக் குழாய்கள் பதினொன்றுக்கு மட்டும் போன வாரம் காரணமே இல்லாமல் வைத்தியம் நடந்தது. அதற்கும் உனக்கும் சம்பந்தம் இருப்பதால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு கனமாக வருகிறது. கூடவே ஒரு பார்சல். அதை இப்போது பிரிக்காதே. பிரித்துவிட்டாய் என்றால் மறுபடி மூடி வை, நான் சொல்லும்போது பிரிக்கலாம்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. என் பெயர் போட்டு ஒரு உறை வருவது இதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்திலிருந்து வருவதெல்லாம் அப்பா பெயருக்குத்தான் வரும், விஷயம் மட்டும் என்னுடையதாக இருக்கும். அம்மாவைத்தான் தெரியுமே, எட்டு மணி நேரம் பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்துவிட்டு வந்தால் வீட்டிலும் அறிவிப்புதான். சின்னவளுக்குக் கடிதம் வந்துள்ளது, சின்னவள் உடனடியாக சமையலறைக்கு வரவும் என்றாள். நான் வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். இரண்டு வருஷம் நீ அடைத்து வைத்திருந்த அறை, உன் கடிதத்தைப் படிக்க அதைவிடப் பொருத்தமான இடம் தெரியவில்லை.

நீ எழுதியதை யாரிடமும் சொல்லாதே என்றிருந்தாய். நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் சொல்லவில்லை. என் வரலாற்றில் இது சாதனை என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

ஐந்து பேர் சேர்ந்து பாடும்போது உன் தொண்டையிலிருந்து இரண்டாவது குரலாக எழும் அந்த விசில் அரங்கின் பின்வரிசைக்கு வரவில்லை என்று உங்கள் பாட்டுக் குழுத் தலைவர் சொன்னதும், இருபதாம் தேதி நிகழ்ச்சிக்குள் சரியாகவில்லை என்றால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னதும் எனக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. அவர் பல் டாக்டர், பிடுங்குகிற மாதிரிதான் பேசுவார். ஆனால் உனக்கே உன் விசில் கேட்கவில்லை, கீழே இருக்கிற உறுமல் மட்டும்தான் கேட்கிறது என்று எழுதியிருந்தாயே, அங்கே உறைத்தது. நாலு நிமிஷம் பாடிப் பதிவு செய்து என் போனுக்கு அனுப்பியிருக்கிறேன், நிஜத்தைச் சொல்லுடி, மேலே ஏதாவது இருக்கா இல்லையா, இல்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று கேட்டிருந்தாய். அப்புறம் அந்தக் கடைசி வரி. முதன்முதலில் நான் கேட்டதே நீ வெளியில் நின்று ஊதினதுதானே, அதற்கப்புறம் கேட்டதெல்லாம் என் ஆசையோ என்னவோ என்று.

அந்த வரியைப் படித்த பிறகு அன்று சாயங்காலம் முழுக்க நான் யாரையும் கேலி செய்யவில்லை. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நீ அனுப்பினதைக் கேட்டேன், அக்கா. விசில் இருக்கிறது. கீழே உன் குரல் வண்டு மாதிரி ஒரே இடத்தில் நிற்க, அதன் தலைக்கு மேலே மெல்லிய கம்பி மாதிரி இன்னொன்று தனியாக ஏறி இறங்குகிறது. ஆனால் இருக்கிறது என்று நான் எழுதினால் நீ நம்புவாயா? நானே நம்ப மாட்டேன். இந்த வீட்டில் என் வாக்குக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். அதைக் கெடுத்துக்கொண்டதும் நான்தான், அதுவும் உன்னிடம்தான்.

அதை இதுவரை ஒழுங்காகச் சொன்னதில்லை, சொல்லிவிடுகிறேன். நீ அந்தக் குளியலறைக்குள் நின்று ஊ-வையும் ஈ-யையும் மிட்டாய் மாதிரி இழுத்துக்கொண்டு, நம் ழ-வுக்கு மடிப்பது போல நாக்கை மடித்து வைத்துக்கொண்டு, ஒரே தொண்டையில் இரண்டாவது குரலைத் தேடிக்கொண்டிருந்த காலம். அப்பா வெளியிலிருந்து மோட்டாரை யாரும் அணைக்கலையா என்று கேட்பார். எனக்கு உன்னைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் நான் எப்போதும் சிரிப்பின் பக்கம் போய்விடுவேன். தகர விசிலைக் கைக்குட்டையில் சுற்றி, நீ மூச்சைப் பிடித்துப் பாடும் நேரமாகப் பார்த்துக் கதவிடுக்கில் வைத்து மெதுவாக ஊதினேன். நீ ஈரத்தலையோடு வெளியே ஓடி வந்து, கேட்டுச்சா, கேட்டுச்சா என்று என்னைப் பிடித்துச் சுற்றினாய். நான் கேட்டுச்சு என்றேன். அது பொய்யும் இல்லை, கேட்கத்தான் செய்தது. ஒரு மாதம் கழித்து என் புத்தகப்பையில் விசிலும் கைக்குட்டையும் உன் கையில் கிடைத்தன. பதினோரு நாள் நீ என்னோடு பேசவில்லை. அம்மாவிடமும் அப்பாவிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாலு அடியோடு போயிருக்கும். சொல்லாமல் விட்டதற்கு இப்போது நன்றி சொல்கிறேன், அப்போது அது பெரிய தண்டனையாக இருந்தது.

ஆக, என் சொல் செல்லாது. வேறு சாட்சி வேண்டும். காதும் இருக்க வேண்டும், முகத்துக்காகப் பேசுகிற பழக்கமும் இருக்கக் கூடாது. அப்படி ஒரு ஆளை நான் வெளியில் தேட வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை எப்படி என்று கேட்டவரிடம் கை கழுவுற இடத்துல ஒழுகுது என்று பதில் சொன்ன மனிதர் நம் வீட்டிலேயே இருக்கிறார்.

ஆனால் அப்பாவைக் கூப்பிட்டு, இது அக்கா பாட்டு, மேலே விசில் கேட்கிறதா என்று கேட்டால் அது சோதனை ஆகாது. நீ பாடுகிறாய் என்று தெரிந்த நிமிஷமே அவர் காது மோட்டார் சத்தம் மட்டும் கேட்கிற காதாக மாறிவிடும். இரண்டு வருஷம் பார்த்தோமே. யோசித்துக்கொண்டே பல் தேய்த்தபோதுதான் எனக்கு உதித்தது. எல்லோருக்கும் உறுமல் கேட்கும், விசில் தப்பிவிடும். அப்பாவின் குழாய்த் தொழிலில் தலைகீழ். குழாய் உறுமினால் அவருக்கு அது ஒன்றுமே இல்லை, மோட்டார் ஓடுகிறது, நல்லது என்று போய்விடுவார். விசிலடித்தால்தான் காரியம். எங்கேயோ வாஷர் தேய்ந்திருக்கிறது, எங்கேயோ கசிகிறது. இருபத்து நாலு வருஷமாக அந்த மனிதர் விசிலைத் தேடுவதற்காகத்தான் அக்கா, காலையில் எழுந்து போகிறார்.

எனவே நீ விட்டுப்போன உருண்டை ஸ்பீக்கரை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, குளியலறையில் அந்தச் சின்ன இரும்புக் கதவைத் திறந்து, எல்லா வீட்டுக் குழாய்களும் மேலே போகிற சந்தில், ஒரு வளைவின் முதுகில் உட்கார வைத்தேன். கதவை மூடினேன். சமையலறையில் நின்றுகொண்டு போனில் உன் நாலு நிமிஷத்தைத் தட்டிவிட்டேன். காலையில் தண்ணீர் திறக்கும் நேரத்தில் ஒரு தடவை, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு தடவை. பள்ளிக்கூடம் விடுமுறை, எனக்கும் ஏதாவது வேலை வேண்டாமா.

முதல் புகார் முதல் நாளே, செவ்வாய்க்கிழமையே வந்தது. மூன்றாவது மாடித் தையல்கார அத்தை டேப்பைக் கழுத்தில் போட்டபடியே இறங்கி வந்து, அண்ணே, குளியலறைச் சுவத்துக்குள்ள யாரோ விசிலடிக்கிறாங்க, உள்ள போகவே ஒரு மாதிரி இருக்கு என்றார். அப்பா அது வாஷர்மா, அந்தச் சுவத்துக்கு விசிலடிக்கிற வயசெல்லாம் எப்பவோ போயிடுச்சு என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். அத்தை வீட்டில் இரண்டு குழாய்க்கும் வாஷர் மாற்றினார். ஐந்து மணிக்கு நான் தட்டினேன். விசில் அப்படியே இருந்தது.

புதன்கிழமை காலையிலும் இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் கட்டடத்தில் ஒவ்வொரு வீடாகப் போய் மொத்தம் பதினோரு குழாய்களைக் கழற்றி மாட்டிவிட்டார். அம்மா, அப்பாவின் சாப்பாடு நாற்பது நிமிடம் தாமதமாகப் பரிமாறப்படும், காத்திருப்பதற்கு நன்றி என்று தட்டை மூடி வைத்தாள்.

சாப்பிட உட்கார்ந்த பிறகு நடந்ததைத்தான் நீ பார்த்திருக்க வேண்டும். அப்பா அம்மாவிடம் சொல்கிறார், இது தேஞ்ச வாஷர் இல்லடி, வாஷர்னா ஒரே இடத்துல நின்னு கத்தும், இது படியேறுது. இங்க பாரு என்று கரண்டியை எடுத்தார். தண்ணீர்க் குவளையில் தட்டினார், தட்டின் விளிம்பில் தட்டினார், சொம்பில் தட்டினார், மறுபடி குவளைக்கு வந்தார். இங்க ஆரம்பிக்குது, ரெண்டு படி ஏறுது, ஒண்ணைத் தாண்டி இறங்குது, மறுபடி இங்க வந்து நிக்குது என்றார். எனக்குச் சாப்பாடு மூக்குக்குப் போய்விட்டது. உன் பாட்டு, அக்கா. மேலே நடக்கிற அந்தப் பாட்டு, ஒரு படி பிசகாமல், நம் வீட்டுப் பாத்திரத்தில். கீழே இருக்கிற உறுமலை அவர் சொல்லவே இல்லை. அவருக்கு அது மோட்டார்.

அங்கேயே நிறுத்தி உனக்குக் கடிதம் எழுதியிருக்கலாம். சாட்சி கிடைத்துவிட்டது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டை நிறுத்த எனக்கு எப்போதுமே வராது. வியாழக்கிழமையும் தட்டினேன். அப்பா நாலு வால்வைப் பிரித்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமை காலையில் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வந்தார். குளியலறைச் சுவர் ஓடுகளை உடைத்து உள்ளே போகும் குழாயைப் பார்க்கப் போகிறாராம். கட்டடம் முழுக்கத் தண்ணீரை நிறுத்துவதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். மேலே நாலு மாடியிலும் வாளி வாளியாகத் தண்ணீர் பிடிக்கிற சத்தம். தையல்கார அத்தை அண்டாவோடு போராடிக்கொண்டிருந்தார்.

சுவரைத் தொடும் முன்னால் கடைசியாக ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று அப்பா கம்பியை எடுத்தார். உனக்கு ஞாபகம் இருக்கும், முழங்கை நீளத்தில் இரும்புக் கம்பி, ஒரு முனையில் அவர் காது பட்டுப் பட்டு மழுமழுவென்று ஆன மரக்குமிழ். கம்பியைக் குழாயில் வைத்து, குமிழைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். உன் பாட்டு அப்போது ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தியிருக்கலாம், போன் என் கையில்தான் இருந்தது. என் கட்டைவிரல் என் பேச்சைக் கேட்கவில்லை.

ரொம்ப நேரம் அப்படியே நின்றார். பிறகு உளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. வாலு, இங்க வா என்று கூப்பிட்டார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நான் போனேன். இரும்புக் கதவு திறந்திருந்தது, உருண்டை ஸ்பீக்கர் அவர் உள்ளங்கையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது.

குழாய் மூச்சு வாங்காது என்றார்.

பத்துப் பன்னிரண்டு எண்ணுவதற்குள் ஒரு தடவை சத்தம் அறுந்து மறுபடி ஆரம்பிக்கிறதாம். தண்ணீருக்கு மூச்சு முட்டாதாம். மூன்று நாளாக இதைக் கவனிக்காமல் எல்லார் வீட்டுக் குழாயையும் கழற்றிய தன்னைத்தான் முதலில் திட்டிக்கொண்டார். அப்புறம், பெரியவ இப்படிப் பாட எப்ப கத்துக்கிட்டா என்றார். அது நீதான் என்று நான் சொல்லவே இல்லை, அக்கா. எப்படித் தெரிஞ்சுதுப்பா என்று கேட்டேன். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை எச்சில் முழுங்குறா, ரெண்டு வருஷம் தோள்ல துண்டோட இந்தக் கதவுக்கு வெளியில நின்னிருக்கேன், எனக்குத் தெரியாதா என்றார்.

அவர் காதில் விழுந்தது. என் முதுகில் எதுவும் விழவில்லை. அதற்கு இன்றுவரை ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான், யாரிடமும் சொல்லாத என் சாதனை உடைந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தகர விசில், கைக்குட்டை, பதினோரு நாள், உன் கடிதம், இருபதாம் தேதி, பெட்டி. கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து கேட்டார். உன் கடிதத்தை நானே படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடி எங்கேயோ நாலாவது மாடியில் ஒரு வால்வு பக்கத்தில் இருந்தது. என்னை மன்னித்துவிடு. மன்னிக்க முடியாவிட்டால் மறுபடி பதினோரு நாள் பேசாதே, பன்னிரண்டாம் நாள் பேசு.

கடிதம் முடிந்ததும் அப்பா, பாட்டைத் திரும்பப் போடு என்றார். ஸ்பீக்கரைத் தரையில் வைத்துக் கம்பியின் முனையை அதன் மேல் வைத்துக் கேட்டார். முடிந்ததும் இன்னொரு தடவை. பிறகு அவர் சொன்னதை வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன். ரெண்டு இருக்கு. கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. கீழ இருக்கறது அசையல, மேல இருக்கறதுதான் நடக்குது. ரெண்டும் ஒரே குழாய்லேர்ந்துதான் வருது.

நீயும் உங்கள் தலைவரும் அந்தப் பாட்டைப் பற்றி எவ்வளவோ விளக்கியிருக்கிறீர்கள். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வீட்ல இருந்தப்ப எனக்கு ஏன் இது கேக்கல என்று அப்பா என்னையே கேட்டார். பிறகு அவரே, நாள் பூரா ஊரார் வீட்டுக் குழாயைக் கேட்டுட்டு வர்றேன், நம்ம வீட்டுக்கு வந்ததும் காது லீவு போட்டுடுது போல என்று சொல்லிவிட்டுக் குமிழைத் துண்டால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

ஒரு குறையும் சொன்னார். சொன்னதை மறைத்தால் சாட்சி கெட்டுவிடும், அதனால் எழுதுகிறேன். மூன்று நிமிஷம் நன்றாக இருக்கிறதாம். கடைசி நிமிஷத்தில் உனக்கே நம்பிக்கை போய், மேலே இருப்பதைத் தேடி, கீழே இருப்பதை அழுத்துகிறாயாம். கீழ்க் குழாயை அப்படித் திறந்துவிட்டால் மேல் மாடிக்கு எப்படித் தண்ணி ஏறும், தண்ணி இல்லாம இல்லை, அழுத்தம் போகலை, கீழ கொஞ்சம் மூடச் சொல்லு என்றார். பின்வரிசை விஷயம் அவ்வளவுதான் என்கிறார். உங்கள் பல் டாக்டரிடம் இதைக் குழாய்க்காரர் சொன்னார் என்று சொல், ஓட்டை அடைக்கிற தொழில்தானே இரண்டு பேருக்கும்.

இதற்குள் மத்தியானமாகி, அம்மா வேலை முடிந்து வந்துவிட்டாள். ஆக, யாரிடமும் சொல்லக்கூடாத விஷயம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தாயிற்று. பெரியவ அங்க எந்த இடத்துல நின்னு பாடுறா என்று அப்பா கேட்டார். கடிதத்திலிருந்து அதையும் படித்தேன். தரை முழுக்கக் கம்பளம், கனமான திரை, வீட்டுக்கார அம்மா மத்தியானம் தூங்குவார் என்பதால் நீ அலமாரியைத் திறந்து துணிகளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பாடுவது. அப்பா சிரித்துவிட்டார். துணிக்குள்ள பாடினா துணிக்குத்தான் கேக்கும், ஓடு பதிச்ச குளியலறையில வளர்ந்த குரலைக் கொண்டுபோய் மெத்தைக்குள்ள போட்டா அது எங்க போகும் என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, யாருக்கும் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு பார்க்குறா என்றார். நான் மோட்டார்னு சொன்னது அவளுக்குள்ளயே இருக்கு போலிருக்கு என்றார். அம்மா அவர் தோளிலிருந்து ஒரு சுண்ணாம்புத் துகளைத் தட்டிவிட்டாள்.

அம்மாதான் அந்த யோசனையைச் சொன்னது. பேருந்து நிலையத்தில் கூட்டம் இரையும்போது அவளுக்கே அவள் குரல் கேட்காதாம். ஒரு கையைக் குவித்து வாயின் ஓரத்திலிருந்து காது வரைக்கும் பாலம் மாதிரி வைத்துக்கொள்வாளாம், சரியாகத்தான் சொல்கிறோமா என்று தெரிந்துகொள்ள. பதினெட்டு வருஷமாக அப்படித்தான் செய்கிறாளாம். நமக்கு யாருக்கும் தெரியாது, நாம் யாரும் கேட்கவும் இல்லை. அப்பா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், காட்டு, மறுபடி காட்டு என்றார். பிறகு எழுந்து போய்த் தன் பையிலிருந்து குழாயை வளைத்து இணைக்கிற இரண்டு எல்போவும் ஒரு துண்டுக் குழாயும் எடுத்து வந்தார்.

இப்போது பார்சலைப் பிரி.

சிரிக்காதே. பார்க்க உடைந்த தொலைபேசி மாதிரி இருக்கிறது, எனக்குத் தெரியும். ஒரு முனை வாய்க்கு, ஒரு முனை காதுக்கு. உன் முக நீளத்துக்கு அம்மா என் முகத்தை அளந்து, உன்னுடையது ஒரு விரல் கூடுதல் என்றாள். அப்பா விளிம்புகளை உப்புத்தாள் போட்டு இழைத்தார். அந்தப் பூப்போட்ட உறை தையல்கார அத்தை தைத்தது. பாவம், மூன்று நாள் தன் குளியலறைக்குள் போகவே பயந்தவர். விஷயம் தெரிந்ததும், பாடுறது பொண்ணுதானா, அப்ப நான் வீணா வெட்கப்பட்டேன் என்றார். நான் மாடி மாடியாக ஏறி எல்லா வீட்டிலும் மன்னிப்புக் கேட்டேன். ஒரு வீட்டில் இரண்டு வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாய் நின்றுவிட்டதாம், எனக்கு பிஸ்கட் கொடுத்தார்கள்.

குழாயில் முதலில் நான் பாடிப் பார்த்தேன். மாடு கத்துகிற மாதிரிதான் வந்தது. அடுத்து அப்பா. அவர் பாடி நீ கேட்டதில்லை, கேட்டுவிடாதே. நாக்கை மடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஊ என்று ஆரம்பித்தார். அம்மா கைவேலையை நிறுத்தாமல், என்னங்க, மோட்டாரை யாரும் அணைக்கலையா என்றாள். அவர் குழாயைக் காதிலிருந்து எடுக்காமலேயே சிரித்தார், அந்தச் சிரிப்பும் இரண்டாகக் கேட்டது.

இனி நான் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி. இதைப் போனில் சொல்ல முடியாது. நீ குரலை வைத்தே என்னைப் பிடித்துவிடுவாய், நானும் நடுவில் சிரித்துவிடுவேன், பிறகு எதுவும் உண்மையாக இருக்காது.

நான் விசில் ஊதியது மூன்று நாள். திங்கள், செவ்வாய், புதன். நீ ஈரத்தலையோடு ஓடி வந்தது வியாழக்கிழமை, மழை பெய்த நாள். அன்றைக்கும் நான் கதவுக்கு வெளியே தயாராகத்தான் நின்றேன். விசில் கைக்குட்டைக்குள் இருந்தது, கைக்குட்டை என் வாயருகே இருந்தது, மூச்சையும் இழுத்துவிட்டேன். ஊதுவதற்கு முன்னால் உள்ளிருந்து விசில் வந்தது. நான் ஊதவில்லை, அக்கா. இழுத்த மூச்சு உள்ளேயே நின்றுவிட்டது. முதலில் மழையோ என்று நினைத்தேன், பிறகு என் கையைப் பார்த்தேன், விசில் என் கையில்தான் இருந்தது. நீ கதவைத் திறந்து கேட்டுச்சா என்றபோது, உலகத்திலேயே உன் இரண்டாவது குரலை முதலில் கேட்ட ஆள் நான்தான் என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் திங்களையும் செவ்வாயையும் புதனையும் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் சொல்லவில்லை. பையிலிருந்து விசிலை நீ எடுத்த பிறகோ, சொன்னாலும் நம்பமாட்டாய் என்று ஆகிவிட்டது. வியாழக்கிழமை உன்னுடையது. இரண்டு வருஷமாக அது என்னிடம் மாட்டிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொள்.

இவ்வளவுக்குப் பிறகும் என்னிடம்தான் கேட்டாய். அங்கே நாலு பாடகர்கள் பக்கத்தில் இருக்க, உன்னை ஏமாற்றியவளைத் தேடிப்பிடித்து நிஜத்தைச் சொல்லுடி என்று எழுதினாயே, அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வழக்கமாக நன்றி சொல்லும்போது ஒரு கோணல் வாக்கியம் வந்துவிடும். இந்தத் தடவை வரவில்லை.

அப்பாவையும் இரண்டு வரி எழுதச் சொன்னேன். எனக்குக் கடிதமெல்லாம் வராதும்மா என்றார். பிறகு தன் வேலைச்சீட்டுப் புத்தகத்தில் ஒரு தாள் கிழித்து எழுதிக் கொடுத்தார். சீட்டை உள்ளே வைத்திருக்கிறேன், கையெழுத்து புரியாது என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்:

இடம்: கீழ்த்தளம், குழாய்ச் சந்து.
புகார்: விசில் சத்தம்.
சோதித்தது: பதினோரு குழாய், நாலு வால்வு.
காரணம்: பெரியவள்.
பழுது: இல்லை.
செய்ய வேண்டியது: ஒன்றும் இல்லை. அப்படியே ஓடட்டும்.

கீழே கறுப்பாக இருப்பது மை அல்ல, கிரீஸ். என் கையெழுத்தை இவ என்னைவிட நல்லா போடுவா, பெரியவ நம்ப மாட்டா என்று சொல்லிக் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். மதிப்பெண் அட்டையில் அவர் கையெழுத்தை நானே போட்ட விவகாரம் அவருக்கு இத்தனை நாளாகத் தெரிந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அக்கா, பெட்டியைக் கட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை. வீட்டுக்கார அம்மா எழுந்த பிறகு, திரையை ஒதுக்கிவிட்டு, அலமாரியைச் சாத்திவிட்டு, குழாயைக் காதில் வைத்துக்கொள். இரண்டு தடவை எச்சில் விழுங்கு. கீழே கொஞ்சம் மூடு. கேட்டதும் எங்களுக்குப் போன் செய்ய வேண்டாம், உங்கள் தலைவரிடம் போய்ப் பாடு. அப்படியும் கேட்கவில்லை என்றால் கிளம்பி வந்துவிடு, உன்னை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். நான்கூடக் கேட்கமாட்டேன்.

அம்மாவுக்குத் தெரியாமல் ஒன்று. நேற்று அவளுக்கு மாலை முறை வேலை, சாப்பாடு கொடுக்கப் பேருந்து நிலையத்துக்குப் போயிருந்தேன். அவள் மற்ற வண்டிகளையெல்லாம் ஒரு தடவைதான் அறிவிக்கிறாள். நீ இருக்கும் ஊரிலிருந்து ஆறு பத்துக்கு வருகிற வண்டியை மட்டும் இரண்டு தடவை சொல்கிறாள். ஏன் என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டதற்கு, அந்த வண்டிப் பயணிகளுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்றாளாம். இருபதாம் தேதி நன்றாகப் பாடிவிட்டு, பின்வரிசைக்காரர்களை ஒரு வழி பண்ணிவிட்டு, முடிந்தபோது ஒரு நாள் அந்த வண்டியில் வா.

உன் தொண்டைக்கு எந்தக் குறையும் வராதிருக்க வேண்டிக்கொள்ளும்,

ஒரே ஒரு குரலை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு பேசிவிட்ட,
உன் வாலு